சால்னாவுக்கு எத்தனை ஸ்டார்?

போனில் ஒரு பரோட்டாக் கடைக்கு 4.6 ஸ்டார் காட்டியது. எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகர் வேறு. நம்பி உட்கார்ந்தோம்.

எண்ணெயில் பொரிந்து வரும் பரோட்டாவின் ஓரம் மொறுமொறுவென்று உடையணும், உள்ளே லேசாக மெத்தென்று இருக்கணும். வந்ததோ எப்போதோ பொரித்து அடுக்கி வைத்தது. விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிகிறது, பிய்த்தால் ரப்பராக இழுக்கிறது. சால்னா அதைவிட மோசம். மேலே சிவப்பாக எண்ணெய், கீழே மஞ்சள் தண்ணீர். சோம்பு வாசனையும் இல்லை, தேங்காய் அரைத்துவிட்ட கெட்டியும் இல்லை. சால்னா சரியில்லாத பரோட்டாக் கடைக்கு எதற்கு ஸ்டார்?

வீட்டுக்கு வந்து விமர்சனங்களைப் படித்தேன். ‘ஏசி நல்லா இருக்கு’, ‘பார்க்கிங் உண்டு’, ‘சூப்பர்’. பரோட்டா சூடாக வந்ததா என்று ஒருவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? ஐந்து ஸ்டார் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்று கல்லாவிலேயே அட்டை வைத்திருக்கிறார்கள். கை கழுவி ஈரம் காய்வதற்குள் போனை எடுக்கச் சொல்கிறார்கள்.

அதே ஊரில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடை. ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாஸ்டர் பரோட்டாவை எண்ணெயில் போடுவார். அதற்கு 3.7. உட்கார இடம் போதவில்லையாம். வயிறு எரிகிறது.

நான் 2 ஸ்டார் போட்டு, காரணத்தையும் விவரமாக எழுதினேன். பில் போடும்போது வாங்கிய நம்பருக்குக் கடையிலிருந்து உடனே போன். “சார், அதைக் கொஞ்சம் எடுத்துடுங்க.” சால்னாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.