குவைத்துக்கு இல்லை மாமா, மார்த்தாண்டத்துக்கு

போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்கார மாமா, அடைப்பிரதமனில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்துகொண்டே கேட்டார்: "மக்களே, இப்போது என்ன வேலை பார்க்கிறாய்?"

"அதே வேலைதான் மாமா, ஆள் எடுக்கிற வேலை."

"குவைத்துக்கா, சவூதிக்கா?"

"மார்த்தாண்டத்துக்கு."

மாமாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவரைக் குறை சொல்ல முடியாது. தெருவுக்கு நாலு நர்ஸை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழகிய மாவட்டம் இது. இங்கே ஆள் எடுக்கிறவர் என்றால் பாஸ்போர்ட் கேட்பவர். நானும் ஒன்பது ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, நர்சிங் படித்த பெண்களின் சான்றிதழ்களை அடுக்கி வளைகுடா மருத்துவமனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். 2015-இல், வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் என்ற பெயரில் லட்சக்கணக்கில் பிடுங்கியவர்களை அடக்க அந்த விதி வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அலுவலகம் மெல்ல இளைத்தது, எனக்கு வேலை போயிற்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் ஆள் எடுக்க ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கனவு, கருணை, தெய்வ அழைப்பு எதுவும் இல்லை. வீட்டுக்கடன் இருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. என் வேலையைக் கேட்டதும் பலர் முகத்தைக் கனிவாக்கிக்கொண்டு "எவ்வளவு புண்ணியமான வேலை!" என்கிறார்கள். அந்தப் புண்ணியத்தோடுதான் எனக்குச் சண்டை.

நான் சேர்ந்தபோது மையத்தின் விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது: "சேவை மனப்பான்மை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்." அதற்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கும் தெரியும். சம்பளம் குறைவு. ஜவுளிக்கடைக்காரர் சேவை மனப்பான்மை கேட்பதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வருகிறவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேலை செய்ய வருகிற பெண்களிடம் மட்டும் கேட்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டுச் சம்பளத் தொகையை எண்ணில் போடுங்கள் என்று நான் கேட்டேன். உரிமையாளர் சம்மதிக்க நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு வந்த விண்ணப்பங்களின் தரமே வேறு.

முதல் வருடம் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு காலியிடங்கள் இருந்தன, மூன்று மாதத்தில் ஆறையும் நிரப்பினேன். பழைய அலுவலகமாக இருந்தால் அன்று எல்லோருக்கும் லட்டு. அந்த ஆறு பேரில் ஒரு பெண்ணிடம் நான், "குழந்தைகளோடு விளையாடுகிற வேலைதான்" என்று சொல்லியிருந்தேன். கடிபடலாம் என்று சொல்லவில்லை. ஒரு குழந்தை தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போது கை நடுங்காமல் தலையணையை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் உழைத்தும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வராமல் போகலாம் என்பதைச் சொல்லவே இல்லை. நாற்பத்து மூன்றாம் நாள் மதியம் சாப்பிடப் போனவள் திரும்பவில்லை.

அவளிடம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவளுடைய பாயில் வந்து உட்காரவே அவனுக்கு ஐந்து வாரம் பிடித்திருந்தது. அவள் போன பிறகு தினமும் காலையில் உள்ளே வருவான். அவள் நீலப் பையை மாட்டுகிற ஆணியைத் தொட்டுப் பார்ப்பான், அப்படியே திரும்பி கேட்டுக்குப் போய் நிற்பான். மூன்று வாரம் இது நடந்தது. என் கணக்குப் புத்தகத்தில் அது வெறும் ஒரு காலியிடம், பதினோரு நாளில் நிரப்பிவிட்டேன். அந்தப் பையனின் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரியாத்தில் ஒரு நர்ஸ் வேலையை விட்டால் அடுத்த விமானத்தில் இன்னொருவரை அனுப்பலாம், நோயாளி யார் ஊசி போடுகிறார் என்று கவலைப்படுவதில்லை. இங்கே அப்படி இல்லை. அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரம் ஒரே அறையில் ஒரே குழந்தையோடு இருக்க வேண்டும். "இரட்டைச் சம்பளம் ஆகிறதே" என்று உரிமையாளர் ஒவ்வொரு முறையும் புலம்புவார். ஆமாம், இரட்டைச் சம்பளம்தான்.

ஆள் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று சிலர் கேட்கிறார்கள். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகள்தான் இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி அதையும் சேர்த்தது. பெற்றோருக்கு இப்போது பெயர் தெரிகிறது, எங்கே கேட்பது என்று தெரிகிறது. கேட்டு வருகிற வேகத்துக்கு ஆள் படித்து வெளியே வரவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், இந்த வேலைக்கான படிப்பு தருகிற மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்குச் சென்னையிலேயே வேலை கிடைத்துவிடுகிறது. எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்களைக் கேரளம் விடுவதில்லை. குழித்துறை ஸ்டேஷனில் காலை ரயிலுக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாக்கள்தான் இந்தக் கணக்கின் மீதி.

இந்தப் பஞ்சத்தில் இன்னொரு கூட்டம் பிழைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு "தெரபிஸ்ட்" என்று பலகை மாட்டுகிறவர்கள். சிறப்பாசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைப் பார்க்காமல் நான் யாரையும் நாற்காலியில் உட்காரச் சொல்வதில்லை. (ஆக்குபேஷனல் தெரபி வேறு, அது 2021-இல் வந்த தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. இதைத் தெரியாமல் பாவம் ஒரு நல்ல பையனிடம் இல்லாத எண்ணைக் கேட்டு விரட்டியிருக்கிறேன்.) பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! எங்கள் பக்கம் இரண்டு மூன்று வகுப்புக் கட்டணம் அது. யார் பயப்படுவார்கள்?

ஆனால் பதிவு எண் மட்டும் போதாது என்பதையும் இங்கேதான் கற்றேன். வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளரைக் கொண்டுவந்தேன், கெட்டிக்காரப் பெண். களியக்காவிளைப் பக்கத்து நான்கு வயதுப் பையன் ஒருவன், அதுவரை வாய் திறக்காதவன், ஒருநாள் "வெள்ளம்" என்றான். மறுநாளும் சொன்னான். "சூழலுக்குப் பொருந்தாத சொல்" என்று அறிக்கையில் எழுதினார். மூன்றாம் நாள் துடைக்க வந்த ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, பிள்ளை குடிக்கத் தண்ணீர் கேட்கிறான்" என்றார். விளவங்கோடு பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். பையன் தன் வாழ்வின் முதல் சொல்லைச் சொல்லி மூன்று நாள் தாகத்தோடு இருந்திருக்கிறான். அந்தப் பெண் அழுதுவிட்டார். தப்பு அவருடையது அல்ல, ஊர்ப்பேச்சைச் சொல்லித் தராமல் அறைக்குள் அனுப்பிய என்னுடையது.

அந்த ஆயா அருமனைக்காரர், கணவர் பால் வெட்டுத் தொழிலாளி. பிளஸ் டூ முடித்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்து நான்கு வயதில் இரண்டாண்டு சிறப்புக் கல்விப் பட்டயத்துக்கு அவரைச் சேர்க்க நான் பட்ட பாடு தனிக்கதை. கணவரைச் சம்மதிக்க வைக்க மூன்று முறை வீட்டுக்குப் போனேன், மூன்று முறையும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைத்தது என்பது வேறு விஷயம். இப்போது அவர் பெயருக்குப் பக்கத்திலும் பதிவு எண் இருக்கிறது.

நேர்காணலில் கேள்வி கேட்பதைக் குறைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் வகுப்பறையில் உட்கார வைக்கிறேன். முதுகலை உளவியல் படித்த ஒருவர் ஒரு பையனிடம் "உன் பெயர் என்ன?" என்று ஏழு முறை கேட்டார், நான் எண்ணினேன். இன்னொரு பெண், மணவாளக்குறிச்சிக்காரி, எதுவும் கேட்கவில்லை. அவன் தரையில் விழுகிற மின்விசிறி நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிழல் மேல் உட்கார்ந்துவிட்டோம் என்று தெரிந்ததும் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவளைத்தான் எடுத்தேன். அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று ஒரு பெயர் உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிழல் ஞாபகம் வரும். அறையில் இருந்த எட்டுப் பெரியவர்களில் அந்த நிழலைக் கவனித்தது அவள் ஒருத்திதான். அவளுக்கு அதைக் காட்டியவன் அவன்.

வேலையில் அர்த்தம் எப்போது தெரிந்தது என்று ஒரு தோழி கேட்டாள். யாரையும் வேலைக்கு எடுத்த நாளில் தெரியவில்லை. மூன்றாம் வருடம் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, முந்தைய வருடத்தின் அதே பதினான்கு பெயர்களை அதே வரிசையில் எழுதினேன். புதிதாக ஒரு பெயரும் இல்லை. ஆள் எடுக்கிறவளுக்கு அன்று வேலையே இல்லை. டீ வாங்கிக்கொண்டு வெளியே வந்து கொஞ்சநேரம் சும்மா நின்றேன்.

இப்போது திரும்பவும் வேலை வந்துவிட்டது. பேச்சுப் பயிற்சியாளர் கல்யாணமாகிப் போகிறார், இரண்டு வார ஒப்படைப்புக்குக் காத்திருக்கிறார். சம்பளத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். சனிக்கிழமையும் வேலை உண்டு. கடிபடலாம். குழித்துறை ஸ்டேஷனிலிருந்து பஸ் இருக்கிறது. வெள்ளம் என்றால் என்ன என்று தெரிந்தவராக இருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் அருமனை டீச்சர் சொல்லித் தருவார்.