25-ஆவது திருத்தம் செனட்டருக்குப் பொருந்தாது

'மறதியால் தடுமாறிய அமெரிக்க செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனை அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தத்தை வைத்தே நீக்கியிருக்கலாமே' என்று மேலே ஒருவர் சொல்கிறார். லைக் வேறு குவிகிறது. முடியாதுங்க. அது அமெரிக்க அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு மட்டும். செனட்டரை வெளியேற்ற செனட் சபையிலேயே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் 15 பேர்: 1797-இல் ஒருவர், மற்ற 14 பேரும் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தெற்குக் கிளர்ச்சியை ஆதரித்தவர்கள். மறதிக்காக ஒருவர்கூட இல்லை.

2023 ஜூலையில் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் வாக்கு கேட்டபோது ஃபைன்ஸ்டைன் உரையை வாசிக்க ஆரம்பித்ததும், பக்கத்திலிருந்த சக செனட்டர் பேட்டி மர்ரி 'ஆம்னு மட்டும் சொல்லுங்க' என்று எடுத்துக்கொடுத்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். சங்கடமான காட்சிதான். ஆனாலும் செப்டம்பரில் 90 வயதில் இறக்கும்வரை பதவியில் இருந்தார். சொந்தக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ரோ கன்னா ஏப்ரலிலேயே ராஜினாமா கேட்டார்; கேட்க மட்டும்தான் அவரால் முடிந்தது.