‘எந்த விரல் வசதியோ அதை வைத்துக்கொள்’ என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

டபுள் பேஸில், அதாவது நின்று வாசிக்கிற அந்தப் பெரிய வயலின் வடிவ வாத்தியத்தில், ஜாஸ் பழகும் யாரும் இந்தப் பதிலுக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். ஒரு மெட்டைக் கொண்டுபோய், இந்த இடத்தை எந்தத் தந்தியில், எந்த விரலால் எடுப்பது என்று கேளுங்கள். “எது வசதியோ அதை வைத்துக்கொள்” என்று பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த விரலும் வசதியாக உட்காராத ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிட்டு வசதியைப் பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்?

வழக்கமாக வாசிக்கிற முக்கால் அளவு பேஸில் தந்தியின் நீளம் சுமார் 105 சென்டிமீட்டர். தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு தந்திகள். விரல் வைக்காத வெறும் தந்தியின் தொடக்கத்துக்கும் அடுத்த அரைச் சுரத்துக்கும் (பியானோவில் பக்கத்துக் கட்டை) நடுவே கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். அதனால்தான் கீழ்ச் சுரங்கள் கிடைக்கிற பகுதியில் ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று விரல்களை நம்பி வாசிக்கிறோம். மோதிர விரல் சுண்டு விரலுக்கு முட்டுக்கொடுப்பதோடு சரி. கையை நகர்த்தாமல் ஒரு தந்தியில் கிடைப்பது ஒரு முழுச் சுரத்தின் அகலம், அவ்வளவுதான். ஆக, எப்போது நகர்வது, எந்தச் சுரத்துக்குப் பிறகு நகர்வது என்பதுதான் மொத்தப் பிரச்சினையும். அதைப் போய் ‘வசதி’ என்று முடித்துவிடுகிறார்கள்.

1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவான, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டே பேஸிடம்தான் இருக்கிறது. பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ் கேள்வி கேட்பார், மற்றவர்கள் இரண்டு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) பதில் சொல்வார்கள். எளிதான பாட்டு என்று சொல்லிப் புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பார்கள். டி-யில் தொடங்கி, ஏ, பி, சி, டி, ஈ என்று ஏறி, சி-க்கு இறங்கி, டி-யில் நிற்கும். எட்டே சுரம்.

முதல் டி-யை வெறும் தந்தியில் தட்டிவிடலாம். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கை போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். சரி, எங்கே போவது? ஏ-யை ஜி தந்தியில் முதல் விரலால் எடுத்தால் பி சுண்டு விரலில் கிடைத்துவிடும். ஆனால் சி-க்குக் கை நகர வேண்டும், ஈ-க்கு மறுபடி நகர வேண்டும், அப்புறம் சி-க்குத் திரும்பி வர வேண்டும். மாறாக, ஏ-யை டி தந்தியில் உயர்ந்த சுரங்களின் பக்கம் போய் சுண்டு விரலால் எடுத்தால், பக்கத்து ஜி தந்தியில் சி-யும் டி-யும் அதே கைக்குள் காத்திருக்கும். பி மட்டும் அரைச் சுரம் வெளியே நிற்கும். முதல் வழியில் ஏறுகிற வரி முழுக்க ஒரே தந்தியில், ஒரே குரலில் பாடும். இரண்டாவதில் அந்த ஏ கொஞ்சம் தடித்து, இருண்டு ஒலிக்கும். அடுத்த சுரத்திலேயே நிறம் மாறும். இதில் எது வசதி என்று என்னிடம் கேட்காதீர்கள். வரி எப்படிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் விரலை முடிவு செய்யவே முடியாது.

இதோடு முடிந்ததா? 16 பார் (தாள அளவுக் கட்டம்) போனதும் அதே மெட்டு அப்படியே அரைச் சுரம் ஏறி ஈ-பிளாட்டுக்கு (ஈ-க்கு அரைச் சுரம் கீழே) போகிறது. வெறும் தந்தி கொடுத்த அவகாசம் காணாமல் போய்விடும். டி தந்தியின் உச்சியில், தந்தி தொடங்குகிற ‘நட்’ என்ற கட்டையை ஒட்டி, முதல் விரலை ஊன்றி ஈ-பிளாட் எடுத்தால், ஜி தந்தியில் பி-பிளாட் சுண்டு விரலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அடுத்த சுரத்துக்கே தாவ வேண்டும். முன்பு மூன்றாம் சுரத்துக்குப் பிறகு வந்த தாவல் இப்போது இரண்டாவதுக்குப் பிறகே வந்து நிற்கிறது. கேட்பவர் காதில் மட்டும் அதே வரியாக, அதே அழுத்தத்தோடு விழ வேண்டும். பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வைத்த கிட்டாரில் கையை ஒரு கட்டம் தள்ளினால் வேலை முடிந்தது. எங்களுக்கு அது வேறு மெட்டு!

எளிதான பாட்டுக்கே இந்தக் கதி. ஜாஸில் பாதி மெட்டுகள் சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் தோதான, பிளாட் சுரங்கள் நிறைந்த ஸ்கேல்களில்தான் (சுர வரிசைகளில்தான்) இருக்கின்றன. எங்கள் வெறும் தந்திகள் ஈ, ஏ, டி, ஜி. ஏ-பிளாட் மேஜரில் இந்த நான்கில் ஜி மட்டும்தான் செல்லும். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1947-இல் பதிவு செய்த ‘டோனா லீ’ அந்த ஸ்கேலில்தான், அதுவும் பறக்கிற வேகத்தில். டி-பிளாட் மேஜருக்குப் போனால் நான்கு தந்தியில் ஒன்றுகூட உதவாது. ‘பாடி அண்ட் ஸோல்’ வழக்கமாக அங்கேதான் வாசிக்கப்படுகிறது. நிலைமை இப்படி இருக்கும்போது, எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர், வெறும் தந்தியைத் தொடாதே, அது தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று தடையே போட்டார். ஏன்? கை நகர நேரம் கொடுப்பது அந்த ஒரு சுரம்தான். வாக்கிங், அதாவது தாளத்துக்கு ஒரு சுரமாக நடந்துபோகிற வரி, வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் அடுத்தது பிறக்கிற வரைக்கும் ஒலிக்க வேண்டும். தாவுவதற்காக விரலைக் கொஞ்சம் முன்னால் எடுத்தால் நடை நொண்டும், டிரம்மர் திரும்பிப் பார்ப்பார். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கௌரவம் பேசுகிறார்கள்.

இன்னொரு பக்கம், ஸிமாண்டிலின் பயிற்சிப் புத்தகத்தையே வேதமாகப் பிடித்திருக்கிற பக்தர்கள். ஃப்ரான்ஸ் ஸிமாண்டில்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு வியன்னாவில், ஆர்கெஸ்ட்ராவில் வில் பிடித்து வாசிப்பவர்களுக்காக அந்தப் புத்தகத்தை எழுதினார். நன்றாகவே எழுதினார், கை நிற்கப் பழகுவதற்கு நான் இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் ஜாஸில் வலது கையில் வில் இல்லையே! இறங்குகிற வரியில், ஜி தந்தியை இழுத்த அதே விரல் அப்படியே சரிந்து டி தந்தியையும் ஏ தந்தியையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சரிவில்தான் ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் இருக்கிறது. இடது கை எந்த இடத்தில் தந்தி மாறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அது கிடைக்கும், அல்லது கெடும். வில்லுக்குப் போட்ட விரல் எண்ணை மாற்றாமல் அப்படியே வை என்றால், வலது கை என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

எல்லாவற்றையும்விட எரிச்சல், பேஸுக்கென்றே விற்கிற டிரான்ஸ்கிரிப்ஷன்கள், அதாவது பதிவைக் கேட்டு எழுதிய சுரக் குறிப்புகள். மெட்டும் கார்டும் மட்டும் உள்ள லீட் ஷீட்டில் விரல் எண் இல்லாததை மன்னிக்கலாம், அது எல்லா வாத்தியத்துக்கும் பொது. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு தொகுப்பில், டபுள் பேஸ் என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே அரைச் சுரத்துக்கு ஒரு விரலாக 1, 2, 3, 4 என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். அது எலக்ட்ரிக் பேஸ் கணக்கு. 86 சென்டிமீட்டர் தந்தியுள்ள அந்த வாத்தியத்திலேயே தொடக்கத்தில் சுமார் 13 சென்டிமீட்டர் விரிய வேண்டும். இங்கே ஏறத்தாழ 16. அதுவும் தடித்த தந்தியை அழுத்திக்கொண்டு, வேகமாக, சுருதி பிசகாமல். எண் போட்டவர் ஒரு தடவையாவது இந்த வாத்தியத்தை உடம்பில் சாய்த்துப் பார்த்திருந்தால் இதை அச்சுக்கு அனுப்பியிருப்பாரா? பழகுகிறவர் கை வலி வந்து, தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டு பேஸை மூலையில் வைத்துவிடுவார். அதற்கு யார் பொறுப்பு?

ஒருவருக்குச் சரிப்படுவது இன்னொருவருக்குச் சரிப்படாது என்பது எனக்கும் தெரியும். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் கட்டைவிரல் முட்டி நிற்கும்போது, ஜி தந்தியில் முதல் விரலுக்குச் சில பேஸில் டி வரும், சிலவற்றில் ஈ-பிளாட் வரும். கையும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் ஒற்றை விடை கேட்கவில்லை, காரணம் கேட்கிறேன். எண்கூட வேண்டாம். எந்தத் தந்தி என்று ஓர் எழுத்து, கை நகரும் இடத்தில் ஒரு கோடு, எந்த வேகத்துக்குப் பார்த்தது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அழகாக வருகிற வழி 240-இல் உடைந்துபோகும். அது தெரிந்துதானே புத்தகம் போடுகிறீர்கள்? எழுதுங்கள்.