டர்பன் சைகாட் காய்க்கவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் வுட் சைகாட் (பனை போலத் தோன்றும், பூக்காமல் கூம்பு விடும் மரம்) படம் ஒன்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஏதோ நிற்கிறது. “நூறு வருஷம் கழித்துக் காய்த்துவிட்டது, விதைக்கு இப்போதே பணம் கட்டுங்கள்” என்று கூடவே ஒரு குறிப்பு. இது பொய்.

அது காய் இல்லை, ஆண் கூம்பு. சைகாட்டுக்குப் பூவும் கிடையாது, சூலகமும் கிடையாது. அப்புறம் காய் எப்படி வரும்? ஆண், பெண் தனித்தனி மரங்கள். ஆண் கூம்பின் செதில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் குருணை போலச் சின்னச் சின்னப் பைகள் நெருங்கியிருக்கும். அவை வெடித்து மகரந்தத்தைக் கொட்டியதும் கூம்பு வாடிவிடும். விதை பிடிப்பது பெண் கூம்பின் செதில்களில் மட்டும்தான்.

இந்த இனத்தில் பெண் மரமே இதுவரை கிடைக்கவில்லை. 1895-இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் தென்னாப்பிரிக்காவின் ஓன்கோயே காட்டில் கண்டது ஒரே ஒரு ஆண் மரக் கூட்டம். இன்று உலகெங்கும் உள்ளவை அதன் பக்கக் கன்றுகளில் வந்தவை. காட்டின் மேல் ட்ரோன் பறக்கவிட்டும் தேடுகிறார்கள். நெருங்கிய உறவினமான நடால் சைகாட்டின் பெண் மரத்தோடு சேர்த்து விதை எடுக்கலாம், ஆனால் அது கலப்பினம்.

ஆகவே ‘அசல் வுட் சைகாட் விதை’ என்று யார் விற்றாலும் பணம் கொடுக்காதீர்கள்.