துருவத்தில் மிதக்கும் பனியும் நம் செப்டம்பர் மழையும்

ஆர்க்டிக்கில் பனி உருகுகிறது என்று செய்தி வந்தால் போதும், "சென்னை மூழ்கப் போகிறது" என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். கடல்மட்டத்தைப் பெரிதாக உயர்த்துவது கிரீன்லாந்து மாதிரி நிலத்தின் மேல் கிடக்கும் பனி. கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி கரைந்தால் மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சரி, அப்படியானால் கவலை இல்லையா? இருக்கிறது. அது கை வைப்பது காற்றிலும் மழையிலும்.

கடல் பனி ஒரு மூடி. துருவக் குளிர்காலத்தில் மேலே காற்று மைனஸ் 30 டிகிரியில் இருக்கும்போது, அடியில் கடல்நீர் மைனஸ் 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். மூடி இல்லாத இடத்தில் அந்த வெப்பம் நேராகக் காற்றுக்குள் ஏறுகிறது. கோடையிலோ, வெண்பனி திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய வெயிலை, கருமையாகத் திறந்து கிடக்கும் கடல்நீர் குடித்துக்கொள்கிறது. அதனால் அடுத்த உறைவு தள்ளிப்போகிறது. 1980-களில் செப்டம்பர் மாதங்களில் 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்த பனிப்பரப்பு, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சத்துக்கு இறங்கியது.

நமக்கு இதில் என்ன? கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சைபீரியாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைப் பனி குறைந்தால், வடமேற்கு ஐரோப்பாவின் மேல் காற்றழுத்தம் உயர்கிறது. அங்கிருந்து மேல்வளிமண்டலத்தில் கிளம்பும் அலை ஆசியா வரை வருகிறது. அரபிக்கடலும் சூடாக இருந்தால், செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெருமழை கொட்ட வாய்ப்பு கூடுகிறது என்கிறார்கள். அறுவடைக்குக் காத்திருக்கும் பயிர் மேல் விழும் மழை அது.

இதை வைத்து ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆர்க்டிக்கைக் காரணம் காட்டக் கூடாது. பனி குறைவதால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடுங்குளிர் அலைகள் வருகின்றனவா என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு காற்று தானாகவே அவ்வளவு மாறும். அதனால்தான் நீண்ட காலக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் நமக்கு 'ஹிமாத்ரி' என்ற ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. ஆனால் முதல் குளிர்காலக் குழு போனது 2023 டிசம்பரில்தான். அந்தப் பயணம் ஓராண்டுகூட விடுபடாமல் தொடர வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். கடலிலிருந்து காற்றுக்கு வெப்பம் அதிகம் ஏறுவது அந்த இருட்டு மாதங்களில்தான். கோடையில் போய் அதை அளக்க முடியாது.