பிக்ட் பெண்ணின் உடலில் துலிப் மலர் எப்படி வந்தது?

உடல் முழுவதும் பூக்கள் வரைந்த, கையில் ஈட்டி ஏந்திய பெண்ணின் படத்தைச் சிலர் இணையத்தில் பகிர்ந்து, பண்டைய ஸ்காட்லாந்தின் பிக்ட் மக்கள் இப்படித்தான் பச்சை குத்திக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். படம் அழகானது, ஆனால் அது பிக்ட் காலத்தது அன்று.

சுமார் 1585இல் பிரெஞ்சு ஓவியர் ழாக் லெ முவான் வரைந்ததாகக் கருதப்படும் சிற்றோவியம் அது. ரோமானியர் 'பிக்டி' என்ற பெயரை எழுதிவைத்த 297ஆம் ஆண்டுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 1,300 ஆண்டுகள். லெ முவான் தாவரங்களை வரைவதில் தேர்ந்தவர். தன் காலத்துத் தோட்டத்தையே அந்தப் பெண்ணின் மேனியில் பூக்க விட்டிருக்கிறார். அதிலுள்ள துலிப் மலரே சாட்சி. அது துருக்கியிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான்.

இந்த உருவத்தைப் பரப்பியது தியோடோர் டி பிரை 1590இல் அச்சிட்ட, அமெரிக்காவின் வர்ஜீனியா பற்றிய நூல். அதன் கடைசியில் இத்தகைய ஐந்து படங்கள் உள்ளன. ஏன் சேர்த்தோம் என்பதையும் அந்நூலே சொல்கிறது: பிரிட்டானியரும் ஒருகாலத்தில் வர்ஜீனியாவின் பூர்வகுடி மக்களைப் போலக் காட்டுவாசிகளாக இருந்தார்கள் என்று காட்டுவதற்காம்!

சரிபார்ப்பது எளிது. ஓவியம் அமெரிக்காவின் யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஓவியர் பெயரைத் தேடி, படத்தைப் பெரிதாக்கி, ஆண்டையும் பூக்களையும் நீங்களே பார்க்கலாம். 'பிக்டி' என்றால் இலத்தீனில் 'வண்ணம் தீட்டப்பட்டவர்கள்' என்பது உண்மைதான். ஆனால் என்ன வடிவம் தீட்டினார்கள் என்று காட்ட ஒரு பிக்ட் உடலின் தோல்கூட நமக்குக் கிடைத்ததில்லை.