அந்த ரயில் பாலக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்

பெரிய வெள்ளி நெருங்கினால் அந்தக் கதை மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். ரயில் பாலத்தை இயக்கும் ஒரு தகப்பன். அவனுடைய சின்ன மகன் பாலத்தின் பற்சக்கரங்களுக்குள் விழுந்துவிடுகிறான். ரயில் வந்துகொண்டிருக்கிறது. நெம்புகோலை இழுத்தால் மகன் நசுங்குவான், இழுக்காவிட்டால் பயணிகள் சாவார்கள். தகப்பன் இழுக்கிறான். "பிதாவும் இப்படித்தான் குமாரனைத் தந்தார்" என்று முடிப்பார்கள். பெற்றவர்கள் கண்ணீர் விடுவார்கள். அந்தக் கண்ணீர் உண்மைதான், ஆனால் கதை சுவிசேஷம் இல்லை.

அந்தப் பையன் தவறி விழுந்தவன். தனக்கு என்ன நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. இயேசுவோ, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார் (யோவான் 10:18). ரயிலில் இருப்பவர்கள் ஒரு பாவமும் அறியாத பயணிகள். பவுலோ, நாம் தேவனுக்குச் "சத்துருக்களாயிருக்கையில்" குமாரன் நமக்காக மரித்தார் என்கிறார் (ரோமர் 5:10). கதையில் மூன்றாம் நாள் உயிர்த்தெழுதலும் இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கதையில் அன்பு தகப்பனிடம் மட்டும் இருக்கிறது, வலி மகனுக்கு மட்டும் போய்விடுகிறது. வேதத்தில் இருவரையும் அப்படிப் பிரிக்க முடியாது. ரோமர் 8:32-இல் பிதா குமாரனை "ஒப்புக்கொடுத்தவர்". கலாத்தியர் 2:20-இல் குமாரன் "தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த"வர். கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். (யூதாஸ் செய்ததற்கும் அதே கிரேக்கச் சொல்தான் வருகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே "காட்டிக்கொடு" என்று பிரித்தார்கள். நல்ல காது அவர்களுக்கு.) தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தை ஒப்புரவாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:19. பிதா தூரத்தில் நின்று நெம்புகோலை இழுக்கவில்லை.

பெற்றவர்களின் கண்ணோடு பார்க்க வேண்டுமென்றால் ஆதியாகமம் 22 இருக்கிறது, தேவன் கேட்டபடி ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் அதிகாரம். எபிரெய வேதத்தில் 'நேசி' என்ற வினை முதன்முதலில் வருவதே அதன் 2-ஆம் வசனத்தில்தான்: "உன் நேசகுமாரனுமாகிய ஈசாக்கை". கணவன் மனைவி நேசத்துக்கும் முன்னால் தகப்பனின் நேசம். மூன்று நாள் நடை. விறகு மகன் தோளில், நெருப்பும் கத்தியும் தகப்பன் கையில், அதாவது காயப்படுத்தக்கூடியதெல்லாம் அவனிடம். "இருவரும் கூடிப்போனார்கள்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறது. ரோமர் 8:32-இன் "சொந்தக்குமாரனென்றும் பாராமல்" இந்த அதிகாரத்தின் 12-ஆம் வசனத்தை எதிரொலிக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கும் வினையையே பவுல் எடுத்துக்கொள்கிறார். ஆபிரகாமைத் தடுத்த தேவன் தம்மைத் தடுத்துக்கொள்ளவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் யோவான் 10, ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கும் மேய்ப்பன். அடுத்து லூக்கா 15, ஓடிவரும் தகப்பன். தானாக மனமுவந்து கொடுப்பதையும், தகப்பனின் மனசையும் பிள்ளை பிடித்துக்கொண்ட பிறகு சிலுவைக்கு வாருங்கள். ஈசாக்கின் கதையைக் கொஞ்சம் வளர்ந்தபின் சொல்லலாம். அப்போதும் ஒரே மூச்சில் 14-ஆம் வசனம் வரை போய்விட வேண்டும். கத்தியை எடுத்த 10-ஆம் வசனத்தில் நிறுத்தி "மீதி நாளைக்கு" என்றால் பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வராது.

அதைவிட மோசமானது, "நீ பொய் சொன்னதால்தான் இயேசு செத்தார்" என்று மிரட்டுவது. சிலுவையைப் பிரம்பாக்கும் வேலை அது. "வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி உன்னை வளர்த்தேனே" என்று கணக்குக் காட்டும் அதே நாக்குதான் சிலுவையையும் கடன் பத்திரமாக்குகிறது. பெற்ற அன்பும் கணக்குப் பார்க்கும், மறக்கவும் மறக்கும். "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்று ஏசாயா 49:15 தாயையே வைத்துச் சொல்லியிருக்கிறது.

ஈசாக்கின் கதை முடிந்ததும் பிள்ளை ஒன்று கேட்கும்: "அப்பா, கடவுள் சொன்னா நீங்களும் என்னை அப்படிச் செய்வீங்களா?" யோசிக்காதீர்கள், விளக்கத்தில் இறங்காதீர்கள். "மாட்டேன். கடவுள் அப்படிக் கேட்கவும் மாட்டார்" என்று உடனே சொல்லுங்கள். பிள்ளைகளைத் தீயில் பலியிட்டவர்களைப் பற்றி, அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா 7:31-இல் அவரே சொல்கிறார். பிறகு ஆதியாகமம் 22-இன் 13-ஆம் வசனத்துக்குத் திரும்பி, புதரில் கொம்பு சிக்கியிருந்த ஆட்டுக்கடாவைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.